சுந்தரேசன் கையசைத்த படலம்

வாழ்க சுந்தரேசன்! ஜனக்புரி இரண்டாம் மாடிக் குடியிருப்பின் மேற்குப் பார்த்த பால்கனியில், பிரம்பு நாற்காலி என்னும் அரியணை ஏறி, ஆங்கில நாளேடு என்னும் வெண்கொற்றக் குடையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, காலைக் காபி முதல் பகல் சாப்பாடு வரை இம்மியும் அசையாது வீற்றிருக்கும் பெருந்தகை வாழ்க! பொதுத்துறை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேலதிகாரிகள் வந்தும் போயும், ஊதியக் குழுக்கள் எழுந்தும் விழுந்தும், தாம் மட்டும் எழாமலும் விழாமலும் இருந்த இடத்திலேயே இருந்து ஓய்வுபெற்ற உத்தமர் வாழ்க! தில்லி மாநகரம் நடுங்கி, அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் போர்வையோடு பார்க்கில் போய் நின்ற அந்தப் பூகம்ப விடியலிலும், "நின்னுடும்" என்று நிலமகளுக்கு ஒரே சொல்லில் ஆணையிட்டுப் புரண்டு படுத்த தீரர் வாழ்க! பூகம்பமும் நின்றுவிட்டது.

இடியையும் மின்னலையும் கையாளாய் வைத்திருக்கும் இந்திரனே, இக்காதைக்கு நீ காப்பு. நடுவில் சில தடவை விளக்கு அணையும். உன்னைக் குறை சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. குற்றம் உன்னுடையது அன்று.

இனி, காவியத் தலைவியைக் கூறுவோம். வங்கிக் கவுன்ட்டரின் கண்ணாடிக் கோட்டைக்குப் பின்னே நின்று, டோக்கன் ஏந்திய பெரும்படைகளைத் தனியொருத்தியாய் எதிர்கொண்டு, "லஞ்ச் கே பாத்" என்ற, அதாவது சாப்பாட்டுக்கு அப்புறம் வா என்ற, ஒற்றை அம்பினால் அவற்றைச் சிதறடித்த வீராங்கனை வத்சலா, கும்பகோணத்தில் பாவாடை கட்டிய பருவத்திலேயே சங்கீதம் பயின்றவள். சுந்தரேசனைக் கைப்பிடித்துத் தலைநகர் வந்த பின், அவள் பாடிய சபை அவளுடைய சமையலறை ஒன்றே. நாள்தோறும் பீன்ஸ் நறுக்கும் வேளையில் சஹானா ராகத்தில் முருகன் மேல் ஒரு விருத்தத்தை எடுப்பாள். முதல் அடியில் குக்கர் விசில் அடிக்கும். இரண்டாம் அடியில் வாசல் மணி அடிக்கும். மூன்றாம் அடியின் உச்சியில் தெருவிலிருந்து "ஆலூ லே லோ, பியாஸ் லே லோ" என்று காய்கறி வண்டிக்காரர் எதிர்ப்பாட்டு எடுப்பார். பால்கனியில் வெண்கொற்றக் குடை மட்டும் அசையாது.

"முப்பது வருஷமா பாடறேன். ஒரு நாளாவது அந்தப் பேப்பரைக் கீழே வெச்சிருக்கேளா?" என்று அவள் கேட்டதுண்டு.

"காது தொறந்துதானே இருக்கு" என்பார் சுந்தரேசன்.

உண்மை. காது திறந்துதான் இருந்தது. உள்ளே ஒன்றும் போகவில்லை, அவ்வளவே. பைரவி எது, பஜனை எது, பக்கத்து வீட்டு மிக்ஸி எது என்று அவருக்குப் பேதம் தெரியாது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, ஊரறிந்த விஷயம்.

பல்கலைக்கழகம் என்றால் பாடம் நடத்தும் இடம் என்று எண்ணியிருக்கும் அப்பாவிகளே, இனிச் சொல்வதைக் கேளுங்கள். அவ்வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அது இரண்டு மாபெரும் விரதங்களைப் பூண்டது. மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை மாலை தன் கதவுகளைச் சுற்றுவட்டார மக்களுக்குத் திறந்துவிட்டு, பஞ்சாபியர் பாங்க்ராவும், வங்காளியர் பாட்டும், மலையாளியர் திருவாதிரைக்களியும், தமிழர் கச்சேரியும் காசில்லாமல் கண்டுகேட்டுக் களிக்கச் செய்வது முதல் விரதம். ஒரு யூனிட் மின்சாரமும், ஒரு குவளைத் தண்ணீரும், ஒரு துண்டுக் காகிதமும் தன் எல்லைக்குள் வீணாகாமல் காப்பது இரண்டாம் விரதம். அங்கே கூரையெல்லாம் சூரியத் தகடு. குழியெல்லாம் மழைநீர். பேனர் என்றால் பழைய புடவையில் தூரிகையால் எழுதியதே பேனர். பாடியவருக்குப் பொன்னாடை கிடையாது, பூங்கொத்து கிடையாது, துளசிச் செடி உண்டு. கச்சேரி முடிந்து காபியும் உண்டு, ஆனால் டம்ளரை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். இரண்டு விரதங்களும் தனித்தனியே மிக நல்லவை. ஒரே அறையில் அவை சந்தித்துக்கொண்ட மாலையில்தான் இக்காதை பிறந்தது.

அவ்விரதங்களின் காவல் தெய்வம், மதுரை மண் ஈன்ற மாண்புடையாள், சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியை கனிமொழி. பசுமைக் குழுவின் தலைவி. யாராவது பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் வைத்திருந்தால், ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாட்டில்காரர் தாமே போய்விடுவார்.

அவர் பல்கலைக்கழகக் கலையரங்கின் உட்கூரையில் நிறுவிய காவற்பூதத்தை எப்படி வருணிப்பேன்! கழுத்தில்லை, கையில்லை, காலில்லை. தேங்காய் மூடியைக் கவிழ்த்தாற்போல் வெள்ளையாய் ஓர் உடல், அதன் நடுவே ஒற்றைக் கண். இமையாத அக்கண் பார்வையாளர் இருக்கைகளை மட்டுமே நோக்கும், மேடையை நோக்காது. இருக்கைகளில் சில நிமிடம் அசைவில்லையேல் "இங்கே மானிடர் எவருமிலர்" என்று தனக்குள் தீர்ப்பெழுதி, விளக்கு, மைக், மேடையில் செருகிய சுருதிப் பெட்டி அனைத்தையும் ஒருசேர அவித்துவிடும். சென்சார் என்பது அதன் திருநாமம். மாணவர் கூட்டம் நிறைந்த அரங்கில் இத்தனை காலமும் அது யாரையும் இருட்டில் தள்ளியதில்லை. மாணவர்கள் எந்த வகுப்பில் அசையாமல் உட்கார்ந்தார்கள்?

தை மாதம் பிறந்து சில நாளே ஆன ஒரு சனிக்கிழமை. வட்டாரத் தமிழ்ச் சங்கத்துக்கு அம்மாலை வாய்த்தது. சங்கத்தின் செயலாளர் பாலசுப்ரமணியம் நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கையில், விருப்ப ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்த வத்சலாவிடம், "நீங்களும் ஒரு பத்து நிமிஷம் பாடுங்கோளேன்" என்று கேட்டுவிட்டார். ஐம்பதைக் கடந்த வயதில் அவளுக்கு அதுவே முதல் மேடை. அன்று காலை பீன்ஸ் நறுக்கவில்லை, பாடவும் இல்லை. பால்கனிக்கு வந்து வெண்கொற்றக் குடைக்கு முன்னே நின்று, காவியத் தலைவியருக்கே உரிய கம்பீரத்துடன் ஒரு வரம் கேட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தப் பத்து நிமிஷம் மொத வரிசையில உக்காந்து கேளுங்கோ. கல்லு மாதிரி உக்காராதேங்கோ. தலையாவது ஆட்டுங்கோ."

"அச்சா" என்றார் சுந்தரேசன். பேப்பருக்குப் பின்னாலிருந்துதான் சொன்னார்.

மாலை வந்தது. கூடவே குளிரும் வந்தது. தமிழர் சேனை அரங்கினுள் புகுந்த காட்சியைக் காணக் கண் ஆயிரம் வேண்டும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் அணிந்து, அதன்மேல் சால்வை போர்த்து, தலையில் மங்கி கேப் கவிழ்த்து, கண்ணும் மூக்கும் மட்டுமே வெளித்தெரிய, கையில் எவர்சில்வர் டம்ளர் தாங்கி வரிசை வரிசையாய் வந்தமர்ந்தனர். நம் தலைவரும் முதல் வரிசையில், மகள் ஷ்ரேயாவுக்கும் செயலாளர் பாலசுப்ரமணியத்துக்கும் நடுவே, கழுத்தில் சிவப்பு மஃப்ளர் சுற்றி, மடியில் பெயர் வெட்டிய டம்ளரை வைத்து அமர்ந்தார். அமர்ந்தார் என்றால் அமர்ந்தார். அதற்கப்புறம் அவரிடம் ஓர் அசைவும் இல்லை.

முதலில் சங்கத்துப் பெண்மணிகள் கூடிக் கீர்த்தனைகள் பாடினர். ஆதி தாளம், ரூபக தாளம், மிஸ்ர சாபு. ஆஹா, தாளம் என்று வந்துவிட்டால் தமிழன் கை சும்மா இருக்குமா! சால்வையை விலக்கிக்கொண்டு நூறு கைகள் தொடையைத் தட்டின, புரட்டின, விரல் எண்ணின. தப்பாகப் போட்டவரைச் சரியாகப் போட்டவர் முறைத்தார், சரியாகப் போட்டவரைத் தப்பாகப் போட்டவர் பதிலுக்கு முறைத்தார். மேலிருந்த ஒற்றைக் கண்ணுக்குப் பரம திருப்தி. விளக்குகள் ஜெகஜோதியாய் எரிந்தன.

பிறகு வத்சலா மேடையேறினாள். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். சுருதிப் பெட்டியை முடுக்கிக் கண்ணை மூடி, சஹானாவில் விருத்தத்தைத் தொடங்கினாள்.

விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த யுத்தம் முழுக்க இதில்தான் இருக்கிறது. தொடைகளில் நடனமாடிய நூறு கைகளும் வேலையிழந்து சால்வைக்குள் புகுந்தன. முதலடியை அவள் இழைத்த இழைப்பில் தலைகள் நின்றன, தொண்டைகள் இருமலை மறந்தன, ஒவ்வொரு முகமாய்க் கண்மூடிக் கொண்டது. சேனை முழுதும் சிலையாய்ச் சமைந்தது. மேலிருந்த பூதம் கீழே நோக்கியது. "எவருமிலர்" என்றது. பட்டென்று இருட்டு.

"கரென்ட் போயிடுத்து!" என்று பலரும் ஒருவாய்ப்படக் கூறினர். எதிர்க் கட்டடத்தில் எரிகிறதா என்று எழுந்து பார்ப்பது தில்லிவாசிகளின் பிறவிக் குணம் ஆதலின் பாதிப் பேர் எழுந்தனர். எழுந்தவுடன் விளக்கு வந்தது. "வந்துடுத்து" என்று உட்கார்ந்தனர். வத்சலா தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் முதலடியிலிருந்து எடுத்தாள். இந்த முறை இன்னும் நன்றாகப் பாடினாள். இன்னும் நன்றாகப் பாடியதால் இன்னும் சீக்கிரம் சிலையானார்கள். இரண்டாம் அடி முடியுமுன் மீண்டும் இருட்டு.

அப்போது கனிமொழி எழுந்தார். அவர் எழுந்ததில் விளக்கு வந்தது. சபையை நோக்கி அவர் நிகழ்த்திய பிரகடனம் அவ்வளாகத்தின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத் தக்கது.

"யாரும் பயப்படாதீங்க. கரென்ட் போகலை. நீங்கதான் அசையலை."

சபை திகைத்தது. பேராசிரியை மேலே கையைக் காட்டி விளக்கினார். "ஆளில்லாத ரூம்ல லைட் எரியக் கூடாதுன்னு வெச்சது. நீங்க இப்படி உக்காந்தா ஆளே இல்லைன்னு அது நெனைச்சுக்கிருது. பாட்டு நடக்கறப்ப எல்லாரும் கொஞ்சம் கையைக் காலை ஆட்டிக்கிட்டே இருங்க, ப்ளீஸ்."

"விருத்தத்துக்கு எதைம்மா ஆட்டறது?" என்று கேட்டார் பாலசுப்ரமணியம். நியாயமான கேள்வி. சாஸ்திரத்தில் பதில் இல்லை.

பூதத்தை உறங்கவைக்கும் விசை ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி பராமரிப்புத் துறை ஷர்மாஜியிடம் இருந்தது. ஷர்மாஜி மீரட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் குதிரைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். அங்கே அசைவுக்குக் குறைவில்லை. ஆயினும் அவரைத் தொலைபேசியில் பிடித்தே தீர்வேன், வேறு சாவி எங்கேயென்று கேட்டே வருவேன் என்று சூளுரைத்து, சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கனிமொழி வெளியே விரைந்தார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், அவருடைய கஷ்டம் அவருக்கு. மேடையோரத்தில் கோலாட்டக் குழந்தைகள் முகத்தில் பவுடரோடு காத்திருந்தன, எட்டு மணிக்கு அரங்கைக் காலி செய்தாக வேண்டும். அவர் எழுந்து அறிவித்தார். "இன்னொரு தரம் லைட் போச்சுன்னா அடுத்த ஐட்டத்துக்குப் போயிடலாம். வத்சலா மேடம் தப்பா நெனைச்சுக்கப்படாது."

வத்சலா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இது ஒண்ணுதான் சார் தெரியும். முழுசாப் பாடி முடிச்சுட்டு எறங்கறேனே" என்றாள். அவள் செயலாளரைப் பார்த்துச் சொல்லவில்லை, சபையைப் பார்த்தும் சொல்லவில்லை. முதல் வரிசையில் சிவப்பு மஃப்ளரைப் பார்த்தே சொன்னாள்.

மூன்றாம் நாள் யுத்தம்போல் மூன்றாம் முறை விருத்தம் தொடங்கியது. சொன்னபடி சபையினர் கையை ஆட்டினர், காலை ஆட்டினர், எதிர்வீட்டுக்காரருக்கு டாட்டா காட்டுவதுபோல் கூரைக்கு டாட்டா காட்டினர். எத்தனை நேரம்? முதலடியின் பாதி வரை. அதற்குள் சஹானா அவர்களைத் தன் வசம் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு கையாய் இறங்கியது. ஒவ்வொரு கண்ணாய் மூடியது. செயலாளர் பாலசுப்ரமணியம் "ஆஹா" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடவும் மறந்து உறைந்துபோனார். ஷ்ரேயாவோ கைப்பேசியில் அம்மாவைப் படம்பிடித்துக் கொண்டிருந்தாள். ஆடினால் படம் ஆடும் என்பதால் அவள் மூச்சையும் அடக்கியிருந்தாள். விதியின் விசித்திரத்தைப் பாருங்கள். வத்சலா எவ்வளவுக்கு நன்றாகப் பாடுகிறாளோ அவ்வளவுக்கு இருட்டு அவளை நெருங்குகிறது. அவளுடைய பாட்டே அவளுக்கு எதிரி!

அந்நேரம் அவ்வரங்கில் சங்கீதத்தால் மயங்காத மானிடர் ஒருவர் மட்டுமே எஞ்சியிருந்தார். ராகம் தீண்டாத செவியர், கமகம் கலக்காத நெஞ்சினர், அனைவரும் வீழ்ந்த களத்தில் தனித்து நிற்கும் ஆற்றல் கருவிலேயே வாய்க்கப்பெற்ற சுந்தரேசன். இத்தகுதி வேறு யாருக்கும் இல்லை. ஆனால் அசைய வேண்டுமே! அதுதானே அவர் பிறந்து இன்றுவரை செய்யாத காரியம்!

ஷ்ரேயா உதட்டை மட்டும் அசைத்து, கையை ஆட்டச் சொல்லிக் கிசுகிசுத்தாள். "அப்பா, ஹாத் ஹிலாவோ."

சுந்தரேசன் முதலில் சுண்டுவிரலை ஆட்டிப் பார்த்தார். பூதம் அதை மதிக்கவில்லை. மணிக்கட்டை ஆட்டினார். ஸ்வெட்டருக்குள் ஆடிய மணிக்கட்டை எந்தக் கண் காணும்? விளக்கு ஒரு முறை சிமிட்டியது, அணையப் போகும் விளக்கு சிமிட்டுவதுபோலவே சிமிட்டியது. மேடையில் வத்சலாவின் குரலும் ஒரு கணம் தயங்கியது. அவ்வளவுதான். அசையா மலை அசைந்தது! சால்வையை உதறினார், ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார், கழுத்து மஃப்ளரை உருவினார், பிசியோதெரபிக்காரர் "தலைக்கு மேல தூக்காதீங்க அங்கிள்" என்று எச்சரித்திருந்த வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, செங்கொடியென அந்த மஃப்ளரை இடமும் வலமுமாக வீசத் தொடங்கினார். விளக்குகள் நிலைத்து எரிந்தன.

தோள் மூட்டு கதறியது. கண்ணில் நீர் வந்தது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒரு ஃபைலை அடுத்த மேஜைக்கு நகர்த்தவும் பியூனைக் கூப்பிட்ட அந்தக் கை, இடம் வலம், இடம் வலம் என்று சுழன்றது. இரண்டாம் அடி கடந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த மஹாலட்சுமி மாமி மயக்கம் சற்றே தெளிந்து, "என்ன சார், ஈ ஓட்டறேளா? மறைக்கறது" என்று பின்னாலிருந்து ஒரு வசைக்கணை எய்தார். அக்கணை முதுகில் தைத்தும் வீரர் திரும்பவில்லை. வலக்கை சோர்ந்தபோது மஃப்ளரை இடக்கைக்கு மாற்றினார். மாற்றுகையில் மடியிலிருந்த டம்ளர் உருண்டு, கணீரென்று விழுந்து, மேடைக்கடியில் ஓடி மறைந்தது. போனால் போகட்டும் என்று விட்டார். பெயர் வெட்டிய டம்ளரை விட்டார் என்றால், அந்த வீரத்தை இதற்குமேல் நான் என்ன சொல்ல?

மேடையிலிருந்து வத்சலா கண் திறந்து பார்த்தாள். முப்பது ஆண்டாய்ப் பேப்பரைக்கூடத் தாழ்த்தாத மனிதர், உற்சவத்தில் சாமரம் போடுபவர்போல் இரண்டு கையையும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார். விளக்குக்காகத்தான் வீசுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு மூன்றாம் அடியை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே காய்கறி வண்டி இல்லை, வாசல் மணி இல்லை, குக்கர் விசில் இல்லை. குரல் நின்ற இடத்தில் நின்றது.

இனித்தான் விபரீதம். கடைசி அடிக்கு அவள் இறங்கி வரும்போது, சுந்தரேசனின் செவியில், ஒன்றும் போகாத அந்தச் செவியில், ஏதோ ஒன்று போய்விட்டது. இது எங்கேயோ கேட்டதாயிற்றே என்று நினைத்தார். எங்கே? அலுவலகத்திலா, கோவிலிலா, ரேடியோவிலா? திடீரென்று விளங்கியது. பால்கனியில் கேட்டது. தினம் கேட்டது. தலையங்கம் படிக்கையில் ஒரு துண்டு, பங்குச் சந்தைப் பக்கத்தில் ஒரு துண்டு, விசிலுக்கு முன்னால் கொஞ்சம், விசிலுக்குப் பின்னால் கொஞ்சம் என்று முப்பது வருஷமாய்ச் சில்லறை சில்லறையாய்க் காதில் விழுந்தது இதுதான். இது ஒரு முழுப் பாட்டு என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. இதற்கு ஒரு முடிவும் உண்டு என்று இன்றுதான் தெரிகிறது. அது எப்படி முடியும் என்று கேட்கத் தோன்றியது.

கை நின்றது. தலைக்கு மேலே, மஃப்ளர் தொங்க, நின்றபடியே நின்றது. ஐயோ சுந்தரேசா, அத்தனை பாடுபட்டுக் கரை சேரும் வேளையில் துடுப்பை விட்டாயே! சேனையின் கடைசி வீரரும் வீழ்ந்தார். பூதம் கீழே நோக்கியது. ஆடும் கையில்லை, ஆடும் தலையில்லை. "எவருமிலர்" என்றது.

இருட்டு. மைக் செத்தது. சுருதிப் பெட்டி செத்தது. வாசலுக்கு மேல் "வெளியே" என்ற பலகையின் பச்சை ஒளி மட்டும் இருந்தது.

வத்சலா நிறுத்தவில்லை. சுருதி இல்லாமல், மைக் இல்லாமல், சமையலறையில் பாடும் அதே குரலில் கடைசி அடியைப் பாடினாள். அவசரப்படாமல் பாடினாள். முருகன் பெயரை எடுத்து, நீட்டி, மெல்லக் கீழே வைத்து முடித்தாள். பாலசுப்ரமணியம் அடுத்த ஐட்டத்தை அறிவித்திருக்க வேண்டும். அவர் இருட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை, யாரும் எதிர்க் கட்டடத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் அசையாததால் விளக்கும் வரவில்லை.

சுந்தரேசன் கையை இறக்கினார். அந்த அசைவில் விளக்கு வந்தது. மேடையில் வத்சலா நிற்பதைக் கண்ட பிறகுதான் சபைக்குக் கை தட்டும் நினைவு வந்தது. தட்டிய தட்டில், ஒற்றைக் கண் பூதம் அன்று இரவு முழுதும் உறங்கியிராது.

கனிமொழி மூச்சிரைக்க உள்ளே வந்தார். "ஷர்மாஜி ஃபோனே எடுக்கலை" என்றார். பிறகு எரியும் விளக்குகளையும், அழுதுகொண்டே கைதட்டும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் துளசிச் செடியை எடுத்து வத்சலாவின் கையில் கொடுத்தார். "அடுத்த மாசத்துக்குள்ள அதை மாத்திருவேன்மா. நீங்க மறுபடி வந்து பாடணும்" என்றார். குழந்தைகள் கோலாட்டம் ஆடினர். டம்ளர் இல்லாத காரணத்தால் நம் தலைவருக்குக் காபி மறுக்கப்பட்டது. விதி விதிதான். வத்சலா தன் டம்ளரில் பாதியைக் கொடுத்தாள்.

வெற்றி வீரர்கள் மெட்ரோ ஏறி ஜனக்புரிக்குத் திரும்பினர். தேரில் ஷ்ரேயாவுக்கு நிற்க இடம், வத்சலாவுக்கு உட்கார இடம், அவளெதிரே கம்பியைப் பிடிக்க முடியாத வலக்கையைத் தொங்கவிட்டு, இடக்கையில் துளசிச் செடியை ஏந்தி நின்றார் சுந்தரேசன். இரண்டு ஸ்டேஷன் கடந்தது.

"எல்லாம் சரி. கடைசியில ஏன் நிறுத்தினேள்? கை வலிச்சுதா?" என்று கேட்டாள் வத்சலா.

"இல்லே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நீ தெனம் பாடறதுதானே அது. முழுசாக் கேட்டதில்லே. கேட்டுண்டிருந்தேன், மறந்துடுத்து."

வத்சலா கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமில்லாத சுரங்க இருட்டை ஜனக்புரி வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "செடியை நேரா பிடிங்கோ, மண்ணு கொட்டறது" என்றாள்.

இவ்வண்ணம், ஒற்றைக் கண் பூதத்தை ஒற்றை மஃப்ளரால் எதிர்த்து, மூன்று அடி விருத்தம் வரை வென்று, கடைசி அடியில் தம் மனையாள் பாட்டிடம் தோற்று, தோற்றதனாலேயே புகழ் கொண்ட மாவீரர், அசையா மலை, ஆடிய கைக்குத் தைலம் தேய்த்தவர், சிவப்பு மஃப்ளர்ச் செங்கொடியோன் சுந்தரேசனின் கீர்த்தி, யமுனை நுரைக்கும் நாள்வரையும், தில்லிக் குளிரில் மங்கி கேப் விற்கும் நாள்வரையும், பல்கலைக்கழகக் கூரையில் சூரியன் காயும் நாள்வரையும் மங்காது ஓங்குக! அவர் திருத்தோள் வாழ்க! அவர் திருச்செவி வாழ்க!

மறுநாள் காலை வத்சலா சமையலறையில் பாட ஆரம்பித்ததும், அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டு, எழுந்துபோய் குக்கர் அடுப்பை அணைத்தார்.